நான்கு அங்குல போர் பைப்பில் கால்சியம் ரியாக்டர்: உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் புதியவர்களுக்கு

கால்சியம் ரியாக்டர் என்பது கரியமில வாயு கலந்த தொட்டித் தண்ணீரால் கிளிஞ்சலைக் கரைத்து, தொட்டியில் குறையும் கால்சியத்தையும் அல்கலினிட்டியையும் திருப்பித் தரும் கருவி. அதைச் செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும் பைப் அளவு, பம்ப் அளவு எல்லாம் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு அல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு) தின்கிறது? இந்த எண் தெரியாமல் செய்த ரியாக்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன் இல்லை. கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை. தொட்டிக்கு எதுவும் சேர்க்காமல், தண்ணீர் மாற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து அல்கலினிட்டி பாருங்கள். முதல் நாள் 8.4, மூன்று நாள் கழித்து 6.9 டிகேஎச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு) என்றால் நாளுக்கு அரை டிகேஎச் போகிறது. அதைக் குறித்து வையுங்கள், கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

நாளுக்கு 0.2க்குக் கீழே இருந்தால் இந்த வேலையே வேண்டாம். 300 லிட்டர் தொட்டியில் 1 டிகேஎச் ஏற்ற சுமார் 9 கிராம் ஆப்பசோடா போதும், அப்படியானால் 0.2க்கு இரண்டு கிராம்கூட ஆகாது. காலையில் அதைக் கரைத்து ஊற்றிவிட்டு, மாலையில் கொஞ்சம் கால்சியம் குளோரைடு ஊற்றினால் முடிந்தது (இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும்). சின்னத் தொட்டிக்குச் சிலிண்டர் வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாளுக்கு அரை டிகேஎச் அல்லது அதற்கு மேல் போகிறது, தொட்டியும் 250, 300 லிட்டருக்குக் குறையாது, தினமும் ஊற்ற ஆள் இருக்கமாட்டார் என்றால் மேலே படியுங்கள்.

ரியாக்டருக்குள் நடப்பது பெரிய மாயம் இல்லை. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம் ஆகிறது, கோலி சோடா நாக்கில் சுர்ரென்று பிடிப்பது அந்த அமிலத்தால்தான். அந்தத் தண்ணீர் கால்சியம் கார்பனேட்டின் மேல் ஓடினால் அது கரைந்து, ஒரு பங்கு கால்சியத்துக்கு இரண்டு பங்கு பைகார்பனேட் என்ற விகிதத்தில் வெளியே வரும். ஓடு கட்டும் உயிர்கள் தண்ணீரிலிருந்து எடுப்பதும் அதே விகிதத்தில்தான்: 2.8 டிகேஎச் குறைந்தால் கூடவே 20 பிபிஎம் கால்சியமும் குறையும். எடுத்ததை எடுத்த விகிதத்திலேயே திருப்பித் தருவதால்தான் இந்தக் கருவிக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் ஒன்று, இது இருக்கும் நிலையைக் காப்பாற்றும் கருவி, விழுந்து கிடப்பதைத் தூக்கிவிடும் கருவி இல்லை. கடல்நீரில் கால்சியம் 410, 420 பிபிஎம், அல்கலினிட்டி 7 டிகேஎச் அளவில், மெக்னீசியம் 1300க்குப் பக்கத்தில் இருக்கும். உங்கள் தொட்டியை முதலில் கையால் 420, 8, 1300 என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பிறகு ரியாக்டரை ஓட விடுங்கள். மெக்னீசியம் குறைவாக இருந்தால் மற்ற இரண்டும் நிற்காது, எவ்வளவு ஊற்றினாலும் படிவாகிப் போய்க்கொண்டே இருக்கும்.

சட்டம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் வரும் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது. கல்பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் பட்டியலில் 2001 முதல் இருக்கின்றன. அதாவது புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது உயிருள்ள பவளமோ, ரியாக்டரில் போட செத்த பவளத் துண்டோ மூட்டையாகக் கொடுத்தால் தொடாதீர்கள். நான் இங்கே மனதில் வைத்திருப்பது பாறையெல்லாம் ஊதா நிறத்தில் படரும் பவளப்பாசி, ஹாலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசி, சிப்பி வகைகள் நிறைந்த தொட்டியை. பவளப்பாசி நன்றாகப் பிடித்துவிட்டால் அது இழுக்கும் அல்கலினிட்டி புதியவர்களை அசர வைக்கும்.

பைப்பும் உடம்பும்

ரியாக்டருக்கு வேண்டிய பாதிப் பொருட்கள் நம் ஊர் விவசாய பைப் கடையிலேயே இருக்கின்றன, இதைச் சென்னைக்காரர்களைவிட டெல்டாக்காரர்களான நாம் சுலபமாகச் செய்யலாம். மன்னார்குடி, பாபநாசம், சீர்காழி, எங்கே வேண்டுமானாலும் போங்கள், போர்செட் லைனுக்குப் போடும் 110 எம்எம் பிவிசி பைப், ஆறு கிலோ பிரஷர் ரகம், ஒன்றரை அடித் துண்டு கேளுங்கள். அதோடு ஒட்டும் எண்ட் கேப் ஒன்று, மரை அடாப்டர் ஒன்று, அதன்மேல் திருகும் மூடி ஒன்று, 110 எம்எம் பைப்பில் அரை அங்குல லைன் பிரிக்கப் போடும் சேடில் இரண்டு, டேங்க் நிப்பிள் ஒன்று, சால்வென்ட் சிமெண்ட், டெஃப்லான் டேப். ஒன்றரை அடித் துண்டுக்குள் மூன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்கும், 300 லிட்டர் தொட்டிக்கு இது தாராளம்.

வளைந்த பைப் சுவரில் நேராகத் துளை போட்டு டேங்க் நிப்பிள் மாட்டாதீர்கள், வாஷர் தட்டையாக உட்காராது, கசியும். வளைவுக்கென்றே செய்த பொருள் சேடில், ரப்பர் வாஷரோடு இறுக்கிப் பிடிக்கும். போல்ட் வெளியே இருப்பதால் தண்ணீரில் படாது, உப்புக்காற்றுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். தட்டையான இடம் மூடி மட்டும்தான், டேங்க் நிப்பிள் அங்கே போகட்டும். பித்தளை நிப்பிள், பித்தளை வால்வு எதுவும் தண்ணீர் படும் இடத்தில் வேண்டாம். அதிலிருந்து இறங்கும் செம்பு சிப்பி, இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

அடியில் எண்ட் கேப்பை ஒட்டுங்கள். ஒட்டும் முன் இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, சிமெண்ட் தடவிச் செருகிக் கால்வாசி திருப்பி அரை நிமிடம் பிடித்திருங்கள். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு சேடில், தண்ணீர் உள்ளே வர. மேலே, மரை அடாப்டருக்குக் கீழே மூன்று விரல் தள்ளி இன்னொரு சேடில், கரைசல் வெளியே போக. மூடியின் நடுவில் டேங்க் நிப்பிள், பம்ப் இழுக்கும் வழி. உள்ளே, கீழ் சேடிலுக்கு மேலே நிற்கும்படி துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பைப் வளையத்தின் மேல் வையுங்கள், இல்லையென்றால் கிளிஞ்சல் வந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். காற்று அடித்துச் சோதிக்கவே கூடாது. அழுத்தக் காற்றில் பிவிசி வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

சுற்றும் பம்பும் குழாய்களும்

மணிக்கு 600 முதல் 1000 லிட்டர் தள்ளும் பம்ப் போதும், ஆனால் தண்ணீருக்கு வெளியே வைத்தும் ஓட்டலாம் என்று போட்டிருக்க வேண்டும், இழுக்கும் பக்கத்தில் குழாய் மாட்ட மூக்கு இருக்க வேண்டும். மூடியிலிருந்து வரும் குழாய் பம்புக்குள் போகிறது, பம்ப் அதைக் கீழ் சேடிலில் தள்ளுகிறது, தண்ணீர் கிளிஞ்சலுக்குள் ஏறி மறுபடி மூடிக்கு வருகிறது. உச்சியில் சேரும் கரியமில வாயுவைப் பம்பே இழுத்து அரைத்துக் கரைத்துவிடும் என்பதுதான் மூடியிலிருந்து இழுப்பதன் லாபம். பம்பைத் தரை மட்டத்தில் வையுங்கள், எப்போதும் தண்ணீர் நிரம்பி இருக்கும்.

இழுக்கும் குழாயில் இரண்டு டி (மூன்று வாய் இணைப்பு) போடுங்கள். ஒன்றில் கேஸ் (கரியமில வாயு), இன்னொன்றில் தொட்டித் தண்ணீர். தொட்டித் தண்ணீரைக் கொண்டுவர பெரிஸ்டால்டிக் டோசிங் பம்ப் (குழாயை அழுத்தி அழுத்தி அளவாகத் தள்ளும் சின்ன பம்ப்) வாங்கச் சொல்கிறேன், காசு கொஞ்சம் கூட ஆனாலும். பலர் தொட்டிக்குத் தண்ணீரைத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பிலிருந்து ஒரு கிளை பிரித்து ஊசி வால்வில் சொட்டு வைக்கிறார்கள், அந்த வால்வு படிந்து படிந்து சொட்டு நாளுக்கு நாள் குறையும், அல்கலினிட்டியும் கூடவே ஏறி இறங்கும். ரியாக்டர் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இந்த வால்வால்தான். டோசிங் பம்ப் இருந்தால் வெளியேறும் வழியைத் திறந்தே விடலாம், உள்ளே அழுத்தமும் ஏறாது.

வெளியேறும் குழாய் மேல் சேடிலில் கிளம்பி மூடியைவிட ஒரு சாண் உயரே ஏறட்டும், அந்த உச்சியில் ஒரு டி வைத்து அதன் மேல்முனையைத் திறந்து விடுங்கள். அப்போது சைஃபன் பிடித்து உள்ளிருப்பது மொத்தமும் காலியாகாது. அங்கிருந்து இறங்கி, ஆர்ஓ மெஷினுக்குப் போடும் பத்து அங்குல ஃபில்டர் ஹவுசிங் (உள்ளே தெரியும் ரகம்) ஒன்றுக்குள் போகட்டும். அதையும் கிளிஞ்சலால் நிரப்பி வையுங்கள், மிச்சம் இருக்கும் கரியமில வாயு அங்கே செலவாகி, தொட்டிக்குப் போகும் தண்ணீரின் பிஎச் கொஞ்சம் ஏறும். ஹவுசிங்குக்குப் பிறகு குழாய்முனை சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சொட்டுவது கண்ணுக்குத் தெரியும்படி. மொத்த அமைப்பையும் சம்புக்கு மேலேயோ ஒரு டிரேயிலோ வைத்தால் எங்காவது வழிந்தாலும் தரை நனையாது.

உள்ளே போடுவது எது

கடைகளில் ரியாக்டருக்கென்று விற்கும் அரகோனைட் மணிகள் முதல் தரம். அது கிடைக்காவிட்டால் கிளிஞ்சல். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் கிளிஞ்சலில் ஓட்டை உடைசல் இல்லாமல், விரல் நகம் அளவில் பார்த்துப் பொறுக்கி, பலமுறை கழுவி, சதை நாற்றம் போகும்வரை வெயிலில் காயப்போட்டு எடுங்கள். பிறகு ஒரு பிடியை வினிகரில் பாதி கரைத்து, அந்தத் தண்ணீரைப் பொங்கி அடங்கவிட்டு முகர்ந்து பாருங்கள், நாற்றம் வந்தால் அந்த மூட்டை வேண்டாம். ஓட வைத்த பிறகும் முதல் இரண்டு மணி நேரக் கரைசலைக் கீழே ஊற்றிவிட்டு, அதற்கடுத்து வருவதில் பாஸ்பேட் பாருங்கள். பொடியாக நொறுங்கியது போடக் கூடாது, இறுகி அடைக்கும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பழைய கடலடிப் பாறைதான், ஆனால் கால்சைட் வகை, அரகோனைட்டைவிடக் கரைய முரண்டு பிடிக்கும், களிமண்ணும் இரும்பும் கலந்து வரும், அந்தப் பகுதிப் பாறைகளில் பாஸ்பேட் உருண்டைகளும் உண்டு. வேண்டாம். மார்பிள் சிப்ஸும் அதே காரணத்தால் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்றால், அது கார்பனேட்டே இல்லை, ஹைட்ராக்சைடு, பிஎச் 12க்கு மேல். தொட்டிக்கு அதை வேறு முறையில் பயன்படுத்துவார்கள், இந்த ரியாக்டருக்குள் போகக் கூடாது.

கேஸ்

சோடா கம்பெனிகளுக்கும் வெல்டிங் பட்டறைகளுக்கும் சிலிண்டர் கொடுக்கும் டீலர்களிடமே வாங்கலாம். சிலிண்டரின் தோளில் சோதனைத் தேதி குத்தியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பழைய தீயணைப்புச் சிலிண்டர் மலிவாகக் கிடைத்தால், உள்ளே அடிவரை போகும் சைஃபன் குழாயை டீலரிடம் கொடுத்து எடுத்த பிறகே உபயோகியுங்கள், இல்லையென்றால் வாயுவுக்குப் பதில் திரவம் வந்து ரெகுலேட்டரைக் கெடுக்கும். சிலிண்டரைப் படுக்கப் போட்டாலும் அதேதான். நிறுத்தி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

நம் வெயிலில் இது முக்கியம்: 20 டிகிரியில் சிலிண்டருக்குள் அழுத்தம் 57 பார் அளவில் இருக்கும், 31 டிகிரியைத் தாண்டினால் 74 பாரைத் தொட்டுவிடும், அதற்குமேல் உள்ளே திரவம் என்று தனியாக எதுவும் இருக்காது, சூடு ஏற ஏற அழுத்தம் வேகமாக ஏறும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள்ளேயே 35 தாண்டுகிறது. எனவே சிலிண்டர் மொட்டை மாடியிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டிலோ இருக்கக் கூடாது, அதிகமாக நிரப்பித் தரச் சொல்லவும் கூடாது. எவ்வளவு மிச்சம் என்பதைக் கேஜ் சொல்லாது, எடை போட்டுப் பாருங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம், கதவடைத்த அறையில் கசிந்தால் கீழே தேங்கி மூச்சடைக்கும், குழந்தைகள் தரையில் படுக்கும் அறையில் கண்டிப்பாக வேண்டாம்.

வரிசை இது: சிலிண்டர், ரெகுலேட்டர், சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடுவது), ஊசி வால்வு, பபுள் கவுண்டர் (குமிழி எண்ண), செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுவது), பிறகு ரியாக்டர். செக் வால்வை மறந்தால் உப்புத்தண்ணீர் திரும்பி வந்து ரெகுலேட்டரைத் தின்றுவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். ஈஸ்ட், சர்க்கரை பாட்டில் வைத்துக் கேஸ் எடுக்கும் வழி செடித் தொட்டிக்குச் சரி, ரியாக்டருக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

ஓட விடுதல்

கிளிஞ்சலை முக்கால் பங்கு நிரப்பி, மேலே முரட்டு ஸ்பாஞ்ச் ஒன்று வைத்து மூடுங்கள். முதலில் கேஸ் இல்லாமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டுங்கள், உள்ளே அடைபட்ட காற்று போகட்டும். அதற்குப் பிறகு கணக்கு.

300 லிட்டர், நாளுக்கு 0.5 டிகேஎச். பெருக்கினால் 150. ரியாக்டரிலிருந்து வரும் கரைசல் 25 டிகேஎச் என்று வைத்துக்கொள்வோம், தொட்டி 8, வித்தியாசம் 17. 150ஐ 17ஆல் வகுத்தால் நாளுக்கு 8.8 லிட்டர், நிமிடத்துக்கு 6 மில்லி. டோசிங் பம்பை அதில் வையுங்கள். இப்படி ஓடினால் நாளுக்குக் கரைவது மூன்று கிராமுக்கும் குறைவு, ஒரு மூட்டைக் கிளிஞ்சல் உங்களுக்குப் பல வருஷம் வரும்.

கேஸை நிமிடத்துக்குப் பத்துக் குமிழியில் ஆரம்பியுங்கள். அடுத்த நாள் வெளியே வரும் தண்ணீரின் பிஎச் பாருங்கள் (ஹவுசிங்குக்கு முன்னால் எடுக்க வேண்டும், பிஎச் மீட்டரை 7, 4 கரைசல்களில் சரிபார்த்துவிட்டு). 6.5 முதல் 6.7க்குள் வர வேண்டும். வரவில்லையா, இரண்டு குமிழி கூட்டிவிட்டு இன்னொரு நாள் காத்திருங்கள். அல்கலினிட்டியும் பாருங்கள், கிட் அளவைத் தாண்டும் என்பதால் பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து பார்த்து இரண்டால் பெருக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், சொட்டையும் குமிழியையும் ஒரே நாளில் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். தொட்டியின் அல்கலினிட்டி ஒரு வாரம் தினமும் பார்த்து 8ஐ ஒட்டி நின்றால் சரியாகிவிட்டது. ஏறினால் டோசிங்கைக் கொஞ்சம் குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள்.

உச்சியில் கடகடவென்று சத்தம் வந்தால் கேஸ் அதிகம். கரைசல் பால் போல வந்தாலோ கிளிஞ்சல் சேறாகினாலோ பிஎச் மிகவும் கீழே போய்விட்டது. பிஎச் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் கரைசலில் அல்கலினிட்டி இல்லை என்றால் தண்ணீர் கிளிஞ்சலுக்குள் பரவாமல் ஒரே ஓட்டையில் ஓடுகிறது, திறந்து கிளறிவிடுங்கள்.

ரியாக்டர் ஓட ஆரம்பித்ததும் தொட்டியின் பிஎச் சற்று இறங்கும், இரவில் அதிகமாகத் தெரியும். கரைசல் ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழட்டும். சம்பில் பாசி வளர்ப்பவர்கள் அந்த விளக்கை இரவில் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது இதைவிட எளிது, ஏசி அறையில் கதவடைத்து வைத்த தொட்டிக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மின்சாரமும் புயலும் தண்ணீரும்

சோலினாய்டு, சுற்றும் பம்ப், டோசிங் பம்ப் மூன்றும் ஒரே பிளக் பாயிண்டில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மூன்றும் ஒன்றாக நிற்கும், வந்தால் ஒன்றாக ஓடும். சோலினாய்டு மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து பம்ப் நின்றுபோனால் ரியாக்டர் முழுக்க கேஸ் நிரம்பி, கரண்ட் வந்ததும் அமிலத் தண்ணீர் ஒரேயடியாகத் தொட்டிக்குப் போகும். புயல் எச்சரிக்கை வந்தால் சிலிண்டரின் மெயின் வால்வையே மூடிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அந்த மாதிரி நேரத்தில் உங்கள் கவனம் தொட்டிக்குக் காற்று கொடுப்பதில் இருக்கட்டும், ரியாக்டர் காத்திருக்கும். நீண்ட நாள் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் அழுகும், அதை வடித்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பிய பிறகு ஓட்டுங்கள்.

கடல்நீரே எடுத்து வருகிறவர்கள் பங்குனி, சித்திரையில் எடுத்துச் சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் கரை முழுக்க ஆற்றுத்தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும், வயல் உரமும் கூடவே வரும். முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, பைபர் படகில் உள்ளே போகிறவர்களிடம் கேனைக் கொடுத்து எடுப்பது நல்லது. வேதாரண்யம் உப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், உப்பளத்தில் விளைவது சோடியம் குளோரைடு, கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் அதில் பிரிந்து போயிருக்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் கூடாது.

மாதம் ஒருமுறை பம்பையும் செக் வால்வையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள், பிஎச் மீட்டரை மறுபடி சரிபாருங்கள், டோசிங் பம்பின் உள்குழாய் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், அது தளர்ந்தால் 6 மில்லி என்று நீங்கள் நினைப்பது 4 ஆகியிருக்கும். கிளிஞ்சல் பாதிக்கு இறங்கினால் மேலே நிரப்பலாம், ஆனால் அடியில் சேறு சேர்ந்திருந்தால் முழுக்கக் கொட்டிக் கழுவிவிட்டு நிரப்புங்கள். தொட்டியில் ஓடுகள் வளர வளர தேவையும் ஏறும், ஆகவே வாரம் ஒருமுறை அல்கலினிட்டி பார்ப்பதை விடாதீர்கள், எண் இறங்க ஆரம்பித்தால் அதே கணக்கைப் புது எண் வைத்து மறுபடி போட்டு டோசிங்கை மாற்றுங்கள்.